விற்ற காருக்கு மாத வாடகை

ஒரு பொருளை விற்று முழுக்காசையும் வாங்கிக்கொண்ட பிறகு, அதே பொருளுக்கு மாதாமாதம் வாடகையும் கேட்பவனை ஊரில் என்ன சொல்வார்கள்? அமெரிக்காவில் 'தொலைநோக்குள்ள கார் கம்பெனி' என்கிறார்கள்.

விஷயம் இதுதான். 2023 மார்ச் கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் (சுருக்கமாக ஜிஎம்) ஓர் அறிவிப்பு விட்டது. இனி வரப்போகும் மின்சார கார்களில் ஆப்பிள் கார்பிளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் இருக்காதாம். முதல் பலி 2024 மாடல் செவ்ரோலே பிளேசர் ஈவி. 2025 அக்டோபரில் கம்பெனியின் தலைவர் மேரி பார்ரா ஒரு பேட்டியில் இன்னும் ஒரு படி மேலே போனார். காலப்போக்கில் புதிய பெட்ரோல் கார்களுக்கும் இதே கதிதான். ஏற்கெனவே விற்ற கார்களில் கை வைக்கவில்லை, அந்த மட்டும் புண்ணியம்.

"பாட்டு கேட்கிற வசதி போனால் போகிறது, இதற்குப் போய் இவ்வளவு கூச்சலா?" என்று கேட்பவர்களுக்காக, இந்தச் சமாச்சாரம் எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாக...

கார்பிளே என்பது காருக்குள் இருக்கும் தனிக் கம்ப்யூட்டர் அல்ல. வேலை முழுவதையும் ஓட்டுபவரின் பையில் இருக்கும் போன்தான் செய்கிறது. வரைபடம், பாட்டு, அழைப்பு எல்லாம் போனில் ஓடுகிறது. அதன் படம் மட்டும் கேபிள் வழியாகவோ வயர் இல்லாமலோ காரின் திரைக்கு வருகிறது. திரையில் விரல் வைத்தால் அந்தத் தகவல் போனுக்குத் திரும்பிப் போகிறது. ஆக, கார் இங்கே ஒரு டிவி பெட்டி மாதிரி. ஆப்பிள் இதை 2014-லும், கூகிள் தன் ஆண்ட்ராய்டு ஆட்டோவை 2015-லும் கொண்டுவந்தன.

இதில் உள்ள நியாயம் பி.காம் முதல் வருடப் பாடத்திலேயே இருக்கிறது. அதன் பெயர் தேய்மானம். போனை மூன்று நான்கு வருடத்தில் மாற்றிவிடுகிறார்கள். அமெரிக்கச் சாலைகளில் ஓடும் கார்களின் சராசரி வயதோ 12 வருடத்துக்கும் மேல். சீக்கிரம் பழசாகும் பொருளை மெதுவாகப் பழசாகும் பொருளோடு ஆணியடித்து வைத்தால், முதலாவது செத்தவுடன் இரண்டாவதும் பாதி செத்துப்போகும். தனித்தனியாக வைத்தால் போன் மாறும்போதெல்லாம் பத்து வருடப் பழைய காரின் திரையும் புதுசாகிவிடும். அதற்குத் தனிச் செலவு ஒரு பைசா கிடையாது.

ஆணியடித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜிஎம்மே சாட்சி. 1996-ல் அது ஆன்ஸ்டார் என்ற சேவையைத் தொடங்கியது. விபத்து நடந்தால் பொத்தானை அழுத்தி உதவி கேட்கலாம். அந்தக்கால ஆன்ஸ்டார் அனலாக் செல்போன் அலையில் ஓடியது. அமெரிக்காவில் அந்த அலை 2008 பிப்ரவரியோடு கட்டாயமில்லை என்று ஆனதும், 2007 முடிவிலேயே ஆன்ஸ்டார் அனலாக் கருவிகளைக் கைகழுவியது. மாற்றுக் கருவி பொருத்த வழியில்லாத கார்களில் பொத்தான் மட்டும் மிச்சம். கார் நன்றாக ஓடியது, காசு கொடுத்து வாங்கிய வசதிதான் ஓடவில்லை.

இப்போது ஜிஎம் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் காரணம்: மின்சார காரில் பேட்டரி எவ்வளவு இருக்கிறது, வழியில் எங்கே சார்ஜ் போடலாம் என்று கணக்கிட வரைபடத்துக்குக் காரின் உள்விவரம் தெரிய வேண்டும், போனுக்கு அது தெரியாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் போனுக்குச் சொன்னால் தெரிந்துவிடப் போகிறது! ஃபோர்டு தன் மஸ்டாங் மாக்-ஈ, எஃப்-150 லைட்னிங் வண்டிகளின் பேட்டரி விவரத்தை ஆண்ட்ராய்டு ஆட்டோவில் ஓடும் கூகிள் மேப்ஸுக்குக் கொடுக்கும் ஏற்பாடு 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. ஃபோர்டுக்கு முடிகிற வேலை ஜிஎம்முக்கு முடியாதா?

இரண்டாவது காரணம்: பாதுகாப்பு. கார்பிளே இணைப்பு நடுவழியில் அறுந்தால் ஓட்டுநர் போனைக் கையில் எடுப்பார், அது ஆபத்து என்று 2023 டிசம்பரில் ஜிஎம் பொறுப்பாளர் ஒருவர் பேசினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அதே டிசம்பரில்தான் மென்பொருள் கோளாறுகளால் பிளேசர் ஈவியின் விற்பனையையே ஜிஎம் நிறுத்திவைத்தது. 2024 மார்ச்சில் விலையைக் குறைத்து மறுபடி விற்கத் தொடங்கியது. மேலும், வசதி இல்லாத காரில் ஓட்டுநர் என்ன செய்வார்? கண்ணாடியில் ஒரு பிடிமானம் ஒட்டி அதே போனை அதில் மாட்டுவார். திரை சின்னதாகும், ஆபத்து பெரிதாகும்.

மூன்றாவது காரணம்தான் கொஞ்சம் கனமானது: ஆப்பிளிடம் திரையைக் கொடுத்தால் நாளை காரையே கொடுக்க வேண்டிவரும். இந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. 2025 மே மாதம் ஆஸ்டன் மார்ட்டின் கார்களோடு வந்த கார்பிளே அல்ட்ரா, வேகமானி இருக்கும் திரை வரைக்கும் பரவுகிறது. ஆனால் சாதாரண கார்பிளே கேட்பவர்கள் யாரும் வேகமானியைக் கேட்கவில்லை. அல்ட்ராவை மறுத்துவிட்டு சாதாரணத்தை வைத்துக்கொள்ளத் தடையும் இல்லை. அதைவிட வேடிக்கை, பெரிய கம்பெனிகளின் பிடியிலிருந்து தப்பிக்க ஜிஎம் யாரிடம் போயிருக்கிறது தெரியுமா? கூகிளிடம். புதிய கார்களில் உள்ளேயே பதிந்து வருவது கூகிளின் மென்பொருள்தான். என்ன சுதந்திரமோ இது :-)

காரணங்களை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் பதில் தானாக வரும். மென்பொருள், சேவை என்ற வகையில் 2030-க்குள் வருடத்துக்கு 20 முதல் 25 பில்லியன் டாலர் வருமானம் என்று 2021 அக்டோபரில் முதலீட்டாளர்களிடம் ஜிஎம் இலக்கு சொன்னது. வாடிக்கையாளரின் போனே இலவசமாக வழி காட்டினால் இந்தக் காசு எங்கிருந்து வரும்? அதனால்தான் போனுக்கு வாசல் அடைக்கப்படுகிறது.

இதற்கு முன்னோடியும் உண்டு. பிஎம்டபிள்யூ ஒரு காலத்தில் கார்பிளேக்கு முதல் வருடம் இலவசம், அப்புறம் வருடத்துக்கு 80 டாலர் என்று வசூலிக்கப் பார்த்தது. சின்னச் சின்ன கார்களிலேயே சும்மா கிடைக்கிற வசதிக்கு சொகுசு காரில் கட்டணம்! திட்டு தாங்காமல் 2019 டிசம்பரில் அதைக் கைவிட்டது. ஜிஎம் அந்தப் பாடத்தைத் தலைகீழாகப் படித்திருக்கிறது. கட்டணம் கேட்டால்தானே திட்டுவார்கள், வசதியையே எடுத்துவிட்டால்?

காசு மட்டுமல்ல, தகவலும் இருக்கிறது. ஆன்ஸ்டார் வழியாக ஓட்டுநர்கள் எங்கே போகிறார்கள், எப்படி பிரேக் போடுகிறார்கள் என்ற விவரங்களைத் திரட்டி, முறையான சம்மதம் இல்லாமல் மற்றவர்களுக்கு விற்றதாக அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் ஜிஎம் மீது குற்றம் சாட்டியது. காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு அறிக்கை தயாரிப்பவர்களிடம் அது போய்ச் சேர்ந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு 5 வருடம் இந்த விவரங்களைக் கொடுக்கக்கூடாது என்ற உத்தரவை 2025 ஜனவரியில் கமிஷன் முன்வைத்தது. "போனை நம்பாதீர்கள், எங்களை நம்புங்கள்" என்று சொல்லும் தகுதி யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதை இனி வாசிப்பவர்களே முடிவு செய்யலாம்.

அப்படியானால் ஒரு கம்பெனி என்னதான் செய்ய வேண்டும்? ரொம்ப சுலபம். சொந்த மென்பொருளையும் வைக்கட்டும், போனுக்கு வாசலையும் திறந்து வைக்கட்டும். சொந்தச் சரக்கு உசத்தி என்றால் ஜனங்கள் அதைத்தான் பயன்படுத்துவார்கள். போட்டியில் ஜெயிக்க முடியும் என்று நம்புகிறவன் எதிராளியை மைதானத்துக்கு வெளியே வைத்துப் பூட்டமாட்டான். பல வருடம் பிடிவாதமாக இருந்த டொயோட்டாகூட 2018-ல் இறங்கிவந்து கார்பிளேக்கு இடம் கொடுத்தது. கார்பிளே இல்லாத காரை வாங்கவே யோசிக்காதவர்கள் அமெரிக்காவில் 79 சதவீதம் என்று 2022-ல் ஆப்பிள் சொன்னது. விற்பவன் சொல்லும் கணக்கில் பாதியைக் கழித்தாலும், மீதியே ஒரு கம்பெனியைக் கவிழ்க்கப் போதும்.

கடைசியாக, இந்த விவாதத்தில் யாரும் கண்டுகொள்ளாத ஒருவர் இருக்கிறார். பழைய கார் வாங்குபவர். கார்பிளே இல்லாத மின்சார கார்களில் கூகிள் மேப்ஸும் குரல் உதவியும் 8 வருடத்துக்கு இலவசம் என்று ஜிஎம் பெருமையாக அறிவித்தது. கார் ஓடப்போவதோ 12, 15 வருடம். முதல் உரிமையாளர் அதற்குள் விற்றுவிட்டுப் போயிருப்பார். ஒன்பதாம் வருடம் அந்த வண்டியில் உட்காரப்போவது புதுசு வாங்க வசதியில்லாத குடும்பம். இருப்பதிலேயே குறைந்த காசு உள்ளவரின் கையில்தான் சந்தாவுக்கான பில் நீட்டப்படும். பையில் கிடக்கும் போனில் வரைபடம் சும்மா இருக்கும். எதிரே பெரிய திரையும் இருக்கும். இரண்டையும் சேர்க்க விடமாட்டார்கள்.

ஒரு கேபிள் வழி போகிற வசதியை மறிப்பதற்குப் பெயர் முன்னேற்றம் அல்ல, சுங்கச்சாவடி.