சத்தம் வந்தது, குண்டு வரவில்லை!

‘தாத்தாவின் டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது அடியில் ஒரு பழைய கைத்துப்பாக்கி இருந்தது. குதிரையைப் பின்னால் இழுத்தால் நல்ல டைட்டாக இருக்கிறது. ஆனால் கையை எடுத்தால் நிற்காமல் ‘டக்’கென்று விழுந்துவிடுகிறது. எந்தப் பாகம் உடைந்திருக்கும்? சரிசெய்து ஷோகேஸில் வைக்கலாமா?’

போன வாரம் சுவர்க் கடிகாரத்தின் ஸ்பிரிங் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கூடவே படமும் அனுப்பியிருக்கிறார். தொப்பி வைத்துச் சுடும் ரகம். 19-ம் நூற்றாண்டின் பாணி.

பதிலுக்கு முன்னால் ஒரு வேண்டுகோள். ஐயா, அந்தக் குதிரையை இன்னொரு முறை இழுக்காதீர்கள்.

இந்த ரகத்தில் மருந்தையும் குண்டையும் குழாயின் வாய் வழியாகத்தான் இடிப்பார்கள். இடித்துவிட்டுச் சுடாமல் வைத்திருந்தால் வெளியிலிருந்து பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருஷம் கழித்தும் பற்றும். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தது 1865-ல். அந்தப் போரின் பீரங்கிக் குண்டு ஒன்று 2008-ல் வர்ஜீனியாவில் வெடித்தது. அதைச் சுத்தம் செய்துகொண்டிருந்த சேகரிப்பாளர் இறந்துபோனார்.

அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் உடைந்த பாகத்தைப் பிறகுதான் தேடுவார்கள். முதலில் குழாய்க்குள் ஒரு மரக்குச்சியை விட்டு, அது போகும் தூரத்தை அடையாளம் போட்டுக்கொள்வார்கள். அதே குச்சியைக் குழாயின் வெளிப்பக்கம் வைத்து அளப்பார்கள். குச்சி அடிமுனை வரை எட்டவில்லை என்றால் உள்ளே ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். இது பழகியவர்கள் செய்ய வேண்டிய வேலை, நமக்கானதல்ல.

இப்போது கேள்விக்கு வருவோம்.

குதிரைக்குப் பின்னால், பக்கவாட்டுத் தகட்டுக்குள் ஒரு சின்ன இயந்திரம் இருக்கிறது. அதில் முக்கியமானவை நான்கு. குதிரையை அடிக்கவைக்கும் பெரிய ஸ்பிரிங். இது கடிகார ஸ்பிரிங்போலச் சுருள் அல்ல, ‘வி’ வடிவத்தில் மடித்த எஃகுத் தகடு. இரண்டாவது, குதிரையோடு சேர்ந்து சுழலும் வட்டு. அதன் விளிம்பில் இரண்டு வெட்டுகள் இருக்கும்: பாதி இழுத்தால் நிற்க ஒன்று, முழுதும் இழுத்தால் நிற்க இன்னொன்று. மூன்றாவது, அந்த வெட்டில் போய் விழும் இரும்பு நாக்கு. நான்காவது, நாக்கை வட்டின் மேல் அழுத்திப் பிடிக்கும் சின்ன ஸ்பிரிங். டிரிக்கரை அழுத்தினால் நாக்கு வெட்டிலிருந்து விலகும், குதிரை பாய்ந்து அடிக்கும். அவ்வளவுதான் கதை.

ஆகவே தகட்டைக் கழற்றாமலே பாதி விடை கிடைத்துவிடும். குதிரை எதிர்ப்பே இல்லாமல் தளதளவென்று ஆடினால் பெரிய ஸ்பிரிங் உடைந்திருக்கும், அல்லது அதன் நுனி நழுவியிருக்கும். உடைவது பெரும்பாலும் அந்த ‘வி’ மடங்கும் இடத்தில்தான். எஃகு அதிகக் கடினமாகிவிட்டாலும், மடிப்பில் துரு அரித்து ஒரு புள்ளி பள்ளமானாலும், விரிசல் அங்கேதான் பிறக்கும்.

வாசகரின் துப்பாக்கியில் டைட் இருக்கிறது. அப்படியானால் பெரிய ஸ்பிரிங் நலம். நிற்கவில்லை என்பதால் கோளாறு வட்டுக்கும் நாக்குக்கும் நடுவில். பாதி இழுப்பில் நின்று, முழு இழுப்பில் மட்டும் நழுவினால் அந்த ஒரு வெட்டு தேய்ந்திருக்கலாம். இரண்டிலும் நிற்காமல், இழுக்கும்போது ‘க்ளிக்’ சத்தமும் கேட்கவில்லை என்றால் நாக்கின் முனையையோ, சின்ன ஸ்பிரிங்கையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மரப்பிடி ஈரத்தில் ஊதியிருந்தாலோ, யாரோ திருகாணியை அளவுக்கு மீறி முறுக்கியிருந்தாலோ நாக்கு இறுகிப்போய் வெட்டில் விழாது. அப்போது எந்தப் பாகமும் உடைந்திருக்காது.

‘சரிசெய்யலாமா?’ என்பது அடுத்த கேள்வி. 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின் 45-ம் பிரிவு, பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது. ஆனால் ஒரு நிபந்தனை: ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் அது துப்பாக்கியாகப் பயன்படக் கூடாது. சின்ன ஸ்பிரிங் ஒன்றை மாற்றினால் சுடும் என்றால், பழசு என்ற ஒரே காரணத்துக்காக அந்த விலக்கு கிடைக்காது. ஆகவே கடை கடையாக ஸ்பிரிங் தேட வேண்டாம். பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறவும் வேண்டாம். துப்பாக்கியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, உள்ளூர் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். எழுத்தில் சொல்வது நல்லது.

கோளாறை எங்கே தேடுவது என்று பேசும்போது எனக்கு ஒரு பழைய கேஸ் ஞாபகம் வரும்.

1835 ஜனவரி 30. வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடம். ஓர் உறுப்பினரின் இறுதிச் சடங்கு முடிந்து ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் வெளியே வருகிறார். வயது 67. ரிச்சர்ட் லாரன்ஸ் என்ற பெயின்டர் எதிரே வந்து கைத்துப்பாக்கியை நீட்டுகிறார். ‘டப்!’ தொப்பி வெடித்தது, குண்டு வரவில்லை. இரண்டாவது துப்பாக்கியை எடுத்தார். மறுபடியும் ‘டப்!’ மறுபடியும் குண்டு வரவில்லை. ஜாக்சன் கைத்தடியை ஓங்கிக்கொண்டு அவர் மேல் பாய்ந்துவிட்டார்!

தொப்பி என்பது நம் தீபாவளிப் பொட்டு வெடிக்கு அண்ணன். அது வெடித்திருக்கிறது என்றால் குதிரை, நாக்கு, ஸ்பிரிங் எல்லாம் ஒழுங்காக வேலை செய்திருக்கின்றன. பொறி போய்ச் சேர வேண்டிய மருந்துதான் பற்றவில்லை. பிறகு அதே துப்பாக்கிகளைச் சோதித்தார்கள். இரண்டும் சுட்டன. அன்றைய ஈரக்காற்றில் மருந்து நமத்திருக்கும் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

கடவுள் காப்பாற்றினார் என்றார்கள் பலர். எதிரிகளின் சதி என்றார் ஜாக்சன். அவர் சந்தேகப்பட்ட செனட்டரை விசாரித்தார்கள். குற்றமில்லை என்று முடிந்தது. லாரன்ஸோ, தான் இங்கிலாந்தின் மன்னர் என்றும், தனக்குச் சேரவேண்டிய பணத்தை ஜாக்சன் தடுக்கிறார் என்றும் நம்பிக்கொண்டிருந்தார். நடுவர் குழு சில நிமிடங்களில் முடிவுக்கு வந்தது: மனநலம் பாதித்தவர், குற்றவாளி அல்ல. தூக்குக் கயிறு இல்லை. 1861-ல் மனநல மருத்துவமனையில் இறந்தார்.

துப்பாக்கியைக் குறை சொன்னால் துப்பாக்கி நன்றாக இருந்தது. எதிரியைக் குறை சொன்னால் அங்கேயும் ஒன்றும் இல்லை. கோளாறு இருந்த இடத்தை அந்த நடுவர் குழு சரியாகப் பார்த்தது.

வாசகரே, காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். குழாய்க்குள் குண்டு இருந்ததா, இல்லையா? அது தெரியும்வரை எனக்கும் நிம்மதி இருக்காது.