தொழில் துணை: வர்ணக் கருவி வாங்குமுன்

சென்ற மாதம் ஒரு மாலை, நம் சங்கத்தைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் என் இல்லத்திற்கு வந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த சங்கிலியை எடுத்து மேசைமேல் வைத்தார். "பையன் சொந்தமாகப் பட்டறை போடுகிறான், ஐயா. காருக்குப் பெயிண்ட் அடிக்கிற கன் ஒன்று வேண்டுமாம். வெளிநாட்டுச் சாமான், பல்லாயிரம் சொல்கிறார்கள். இதை அடகு வைத்து வாங்கித் தரலாமா? உங்களுக்குப் பட்டறை வேலை தெரியும் என்றார்கள்" என்றார்.

தருமபுரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு மைசூருக்கு வந்த குடும்பம். பிள்ளை எட்டு ஆண்டுகள் பிறர் பட்டறையில் பட்டி தேய்த்துத் தொழில் கற்றவன். "நகையை உள்ளே வையுங்கள் அம்மா. நாளை நான் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் கண்டதையும் சொன்னதையும் இங்கே எழுதுகிறேன். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இத்தொழிலில் இருக்கிறார்கள் அல்லவா?

மைசூருக்கு வர்ணமும் வண்டியும் புதியவை அல்ல. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1937-இல் தோன்றிய அரக்கு வர்ணத் தொழிற்சாலைதான், 1962 தேர்தல் முதல் வாக்காளர் விரலில் இடும் மையைச் செய்து வருகிறது. 1960-இல் யாதவகிரியில் எழுந்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. ஆயினும் அதன் வண்டிகளைப் பொன்போல் காத்து, மீண்டும் வர்ணம் பூசச் சொல்வோர் இவ்வூரில் இன்றும் உண்டு. ஆகவே கைத்திறன் உள்ளவனுக்கு வேலைக்குக் குறைவில்லை.

பட்டறைக்குள் நுழைந்ததும் நான் கேட்டது, "தம்பி, உன் கம்ப்ரெஸரைக் காட்டு" என்பதுதான். அவன் வியந்தான். கன் வாங்குவது பற்றிப் பேச வந்தவர் கம்ப்ரெஸரை ஏன் கேட்கிறார் என்று எண்ணினான் போலும். கன் காற்றால் உண்ணும் பிராணி. தீனி போட முடியாதவன் யானை வாங்கலாமா?

அவன் விரும்பியது ஹெச்.வி.எல்.பி. என்னும் வகை. மிகுந்த காற்றைக் குறைந்த அழுத்தத்தில் விடுவது அதன் இயல்பு. முனையில் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 10 பவுண்டுக்கு மேற்படாது. அதனால் வர்ணம் தகட்டில் மோதித் திரும்பிப் பறப்பது குறைவு. பழைய வகைக் கன்னில் தெளித்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே தகட்டில் தங்கும். இதிலோ நூற்றுக்கு 65 பங்கு தங்கும் என்பது கணக்கு. வர்ணம் மிச்சம், புகை குறைவு. நல்ல கருவிதான், ஐயமில்லை. ஆனால் அதற்கு நிமிடத்திற்கு 10 முதல் 15 கன அடி காற்று வேண்டும். தம்பியிடம் இருந்ததோ 2 குதிரைச் சக்திக் கம்ப்ரெஸர். ஏறக்குறைய 7 கன அடிதான் தரும். கதவு ஒன்றை அடித்து முடிக்குமுன் அழுத்தம் இறங்கிவிடும். வர்ணம் பொடியாகச் சிதறாமல் துளித்துளியாய் விழுந்து ஆரஞ்சுத் தோல்போல் காயும். இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கம்ப்ரெஸரின் தகட்டில் பொறித்த எண் பல சமயம் பிஸ்டன் இழுக்கும் காற்றின் அளவாகவே இருக்கும்; வெளியே வரும் காற்று அதைவிடக் குறைவு. வெளிவரும் அளவையே கடைக்காரரிடம் கேளுங்கள்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது நாஸிலின் துளை. பேஸ் கோட்டுக்கும் கிளியருக்கும் 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர் போதும். கெட்டியான பிரைமருக்கு 1.6 முதல் 1.8 வரை வேண்டும். எல்லாவற்றிற்கும் ஒரே கன் என்பது, ஒரே கரண்டியால் பாயசமும் களியும் கிண்டுவது போன்றது. பிரைமருக்கு மலிவான கன் ஒன்றும், மேற்பூச்சுக்கு நல்ல கன் ஒன்றும் தனித்தனியே வைத்துக்கொள்வதே சிக்கனம்.

மூன்றாவது, கடையிலேயே சோதித்தல். ஊசியும் நாஸிலும் துருவேறா எஃகினால் ஆனவையா, உதிரிப் பாகங்கள் இவ்வூரிலேயே கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கிடைக்காவிடில், ஊசி தேய்ந்த அன்று விலையுயர்ந்த கருவியும் பழைய இரும்புதான். பிறகு ஒரு தாளில் ஒரு கணம் தெளித்துப் பாருங்கள். நெடுக ஒரே சீராக, இரு முனையிலும் மெலிந்த நீள்வட்டமாக விழ வேண்டும். ஒரு பக்கம் வளைந்து வாழைப்பழம்போல் விழுந்தால், முன்னே உள்ள ஏர் கேப்பை அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி தெளியுங்கள். வளைவும் திரும்பினால் குறை ஏர் கேப்பில். திரும்பாவிடில் நாஸிலிலோ ஊசியிலோ இருக்கிறது.

வாங்கிய பின் கருவியைப் பேணுவதும் தொழிலில் பாதி. வேலை முடிந்ததும் தின்னரால் கழுவ வேண்டும். முழுக் கன்னையும் தின்னரில் ஊறப் போடலாகாது. அடைபட்ட துளையைக் கம்பியால் குத்தினால் துளை கெடும். மெல்லிய தூரிகையே தக்கது. மழைக் காலத்தில் காற்றோடு நீரும் வரும். ஆகவே நீர்வடிப்பானைக் குழாயில் பொருத்தி, தொட்டியில் தேங்கும் நீரை நாள்தோறும் திறந்து விட வேண்டும்.

இவற்றையெல்லாம் சொன்ன பிறகு, "முகத்திற்கு என்ன கட்டிக்கொள்கிறாய்?" என்று கேட்டேன். தோளில் கிடந்த துண்டைக் காட்டினான்.

நேயர்களே, இக்கருவியின் பிறப்பில் ஒரு விநோதம் உண்டு. 1888-இல் அமெரிக்காவின் டொலீடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்னும் மருத்துவர், நோயாளியின் தொண்டைக்கு மருந்து தெளிக்கக் கருவி ஒன்றைச் செய்தார். அவர் மகன் தாமஸ் பின்னர் அதே முறையை வர்ணத்திற்குப் பயன்படுத்தினார். தொண்டையைக் காக்கப் பிறந்தது, கவனமின்றிப் பயன்படுத்தினால் நெஞ்சையே அரிக்கும். ஹார்ட்னர் கலக்கும் இன்றைய வர்ணங்களில் ஐசோசயனேட் என்னும் பொருள் இருக்கிறது. அது ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. ஒரு முறை உடல் அதற்கு இசைவிழந்தால், பிறகு சிறிதளவும் தாங்காது. தொழிலையே விட நேரும். துண்டும் தூசி முகமூடியும் அதைத் தடுக்கமாட்டா. எண்ணெயும் புகையும் கலவாத தூய காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடிதான் தக்க காப்பு. அதற்கும் காற்று வேண்டும். அதையும் சேர்த்தே கம்ப்ரெஸரைக் கணக்கிட வேண்டும். கண்ணுக்குப் புகை மறைந்த பின்னும் நஞ்சு சிறிது நேரம் காற்றில் நிற்கும். உடனே முகமூடியைக் கழற்றக் கூடாது.

கடைசியில் தம்பி, தன் சேமிப்பிலேயே, தன் கம்ப்ரெஸருக்கு ஏற்ற நடுத்தர விலைக் கன் ஒன்றை 1.4 நாஸிலோடு வாங்கினான். பழைய கன்னைப் பிரைமருக்கு ஒதுக்கினான். முகமூடிக்கும் அதற்குரிய தனிக் காற்றுக் கருவிக்கும் பணம் குறைந்தது. அப்போது அன்னையார் மறுபடியும் சங்கிலியை எடுத்தார். இம்முறை நான் தடுக்கவில்லை. அடகு வைக்கத் தகுந்த காரணம் அது ஒன்றே எனக்குத் தோன்றிற்று.