வழிப்போக்கருக்கு நம் வாசலில் இடம் உண்டா?



2020-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதி. நாடெங்கும் ஊரடங்கு, பேருந்தும் இல்லை, இரயிலும் இல்லை. கும்பகோணம் பகுதியைச் சேர்ந்த, அறுபது வயதைக் கடந்த கூலித்தொழிலாளி ஒருவர், புற்றுநோயால் வாடிய தம் மனைவியை மிதிவண்டியில் அமர்த்திக்கொண்டு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் புறப்பட்டார். ஏறத்தாழ 130 கிலோமீட்டர். அங்கிருந்த மருத்துவர்கள் அவ்வம்மையாருக்குச் சிகிச்சையளித்து, மருந்தும் கொடுத்து, ஆம்புலன்ஸில் இருவரையும் ஊருக்கு அனுப்பிவைத்தனர். அதே ஆண்டு மே மாதத்தில், பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி, காயமுற்றிருந்த தன் தந்தையைப் பின்னால் அமர்த்தி, குருகிராமிலிருந்து பீகாரின் தர்பங்கா வரை சுமார் 1,200 கிலோமீட்டர் மிதித்தாள்.

இச்செய்திகளை வாசித்தோம், கண் கலங்கினோம், பலருக்கும் பகிர்ந்தோம். ஆனால், அவர்கள் நம் தெரு வழியே வந்து ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டிருந்தால் நாம் கதவைத் திறந்திருப்போமா? இக்கேள்வியை நம்மில் எத்தனை பேர் நம்மிடமே கேட்டுக்கொண்டோம்?

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் சுமார் 40 கிலோமீட்டர். காரில் செல்வோருக்கு விக்கிரவாண்டி ஒரு சுங்கச்சாவடி. முண்டியம்பாக்கம் கண்ணாடிக்கு வெளியே நொடியில் மறையும் ஒரு பெயர்ப்பலகை. மிதிவண்டியில் குழந்தைகளோடு வரும் குடும்பத்துக்கோ அது அரைநாள் வெயில். அவர்களுக்கு நிழல் வேண்டும், தண்ணீர் வேண்டும், பெண்களுக்குக் கழிப்பிடம் வேண்டும். கார்க்காரருக்குத் தேவைப்படாத மனிதர்கள் மிதிவண்டிக்காரருக்குத் தேவைப்படுகிறார்கள். 2008 முதல் 2011 வரை அலாஸ்காவிலிருந்து அர்ஜென்டினாவின் தென்கோடி வரை தம் இரட்டை மகன்களோடு மிதிவண்டியில் பயணித்த அமெரிக்காவின் வோகல் தம்பதியர்க்கும் இதே நிலைதான்.

இந்த மண்ணுக்கு இது புதிய செய்தியன்று. பத்துப்பாட்டுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டு நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணர் கூட்டத்துக்கு வழிசொல்லும் நூல். அவனுடைய கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. வறுமையில் வாடிச் சுற்றத்தோடு நடந்துவரும் அந்நியருக்கு, கடற்கரைப் பட்டினத்தில் சுட்ட மீனும், வேலூரில் புளியிட்ட சோறும், ஆமூரில் வெண்சோறும் நண்டும் கிடைக்கும் என்கிறது அது. மன்னனின் பரிசில் பயணத்தின் முடிவில்தான். வழிநெடுகச் சோறிட்டவர்கள் பரதவரும் எயிற்றியரும் உழவர் வீட்டுப் பெண்களுமே.

நம் மார்க்கமோ இதனை ஈமானோடு பிணைத்துள்ளது. அல்லாஹ்வையும் இறுதி நாளையும் நம்புகிறவர் விருந்தினரைக் கண்ணியப்படுத்தட்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. ஜக்காத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் வழிப்போக்கரும் ஒருவர். ஊரில் செல்வந்தராயினும் வழியில் கையறு நிலைக்கு ஆளானவர் அதற்கு உரியவர். முன்பின் அறியாத விருந்தினர் வந்தபோது இப்ராஹீம் (அலை) அவர்கள், "சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை, ஓசையின்றி உள்ளே சென்று கொழுத்த கன்றைச் சமைத்துக் கொண்டுவந்து வைத்தார்கள். கேட்டால் தன்மானமுள்ளவர் "வேண்டாம்" என்றுதான் சொல்வார் என்பது நாம் அறியாததா?

"காலம் கெட்டுக் கிடக்கிறது, யாரை நம்புவது?" என்பார்கள் சிலர். பெண்கள் தனித்திருக்கும் வீட்டில் அந்த அச்சம் நியாயமானதே. இப்ராஹீம் (அலை) அவர்களின் உள்ளத்திலும் அச்சம் எழுந்ததாகத் திருக்குர்ஆன் கூறுகிறது. வந்தவர்கள் உணவைத் தொடாதபோது எழுந்த அச்சம் அது. அதாவது, உணவு முதலில் வந்தது. அச்சம் பிறகுதான் வந்தது. நாமோ அச்சத்தை முதலில் வைத்து, உணவை வைக்காமலே கதவைச் சாத்துகிறோம்.

வீட்டின் உள்ளறையைத் திறந்துவிட வேண்டும் என்று எவரும் கூறவில்லை. திண்ணையும் தண்ணீர்ப் பானையும் போதும். தனிவீடு தயங்குமிடத்தில் ஜமாஅத் முன்வரலாம். நெடுஞ்சாலையோரப் பள்ளிவாசல்கள் பல, தொழுகை முடிந்ததும் பூட்டப்படுகின்றன. தொழுமிடத்தைப் பூட்டினாலும், வெளித் தாழ்வாரத்தையும் கழிப்பிடத்தையும் குடிநீர்க் குழாயையும் மதம் பாராமல் எல்லோருக்கும் திறந்து வைக்கலாம். மிதிவண்டிக்குக் காற்றடிக்க ஒரு பம்பு வைத்தால் என்ன பெரிய செலவாகிவிடும்? முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நோயாளியோடு வரும் கிராமத்து உறவினரும் வழிப்போக்கரே. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின் வெள்ளத்தால் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே இரயில்கள் நின்றபோது, சொந்த வண்டி உள்ளவரும் இல்லாதவரும் ஒருசேர வழிப்போக்கராயினர். நாளை அது நாமாகவும் இருக்கலாம்.

விருந்தினருக்கும் கடமை உண்டு. விருந்தோம்பல் மூன்று நாட்களே. அதற்கு மேல் தங்கி வீட்டாரைச் சிரமப்படுத்தக் கூடாது என்றும் நபி (ஸல்) அவர்கள் வரம்பு வகுத்துள்ளார்கள். உணவு தர மறுத்த ஊரிலேயே, மூஸா (அலை) அவர்களுடன் வந்த நல்லடியார் சாயவிருந்த சுவரைக் கூலியின்றி நிமிர்த்திவைத்த வரலாறு கஹ்ஃப் அத்தியாயத்தில் உள்ளது. வெள்ளிதோறும் அதனை ஓதுகிறோம். அந்த ஊராரின் வரிசையில் நாம் நிற்கலாகாது.

அடுத்த முறை ஒரு குடும்பம் வியர்வையோடு மிதிவண்டியை நம் வாசலில் நிறுத்தினால், எந்த ஊர், எந்தச் சமயம் என்ற விசாரணை பிறகு இருக்கட்டும். முதலில் தண்ணீர் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.