வலி தணிக்காத நன்மருந்து

மருந்துண்டால் வலி தணிய வேண்டும் என்பது நம் மக்களின் இயல்பான எதிர்பார்ப்பு. அவ்வெதிர்பார்ப்புக்கு மாறாகத் தொழிற்படும் மருந்தொன்று உண்டு. கால் பெருவிரலின் அடிமூட்டில் பெரும்பாலும் நள்ளிரவில் தோன்றி, போர்வை படுவதையும் பொறுக்கவொண்ணாத வேதனை தரும் ‘கவுட்’ என்னும் கீல்வாத வகைக்குக் கொடுக்கப்படும் அல்லோபியூரினால் என்பதே அது. எழுந்துள்ள வலியை இம்மாத்திரை தணிப்பதில்லை. உட்கொள்ளத் தொடங்கிய முதற் சில மாதங்களில் வலியை மீண்டும் எழுப்பவுங்கூடும். இதனை முன்கூட்டி எடுத்துரைப்பார் இன்மையாலேயே பலர் இந்நன்மருந்தைப் பாதியிற் கைவிடுகின்றனர் என்பது என் கருத்து. எடுத்துரைக்கும் பணிக்கு, வீடுதோறும் செல்லும் களப்பணியாளரும் ஊரார் மதிக்கும் ஆசிரியருமே தக்கவர்.

முதலில் மருந்தின் செயலைக் காண்போம். நம் உயிரணுக்களிலும், உண்ணும் இறைச்சி, மீன் முதலியவற்றிலும் பியூரின் என்னும் பொருள்கள் உள்ளன. அவை சிதையுங்கால் தோன்றும் ஹைப்போஸாந்தின் முதலில் ஸாந்தினாகவும், பின்னர் யூரிக் அமிலமாகவும் மாறுகிறது. இவ்விரு மாற்றங்களையும் நிகழ்த்துவது ஸாந்தின் ஆக்ஸிடேஸ் என்னும் ஒரே நொதியாகும். இரத்த நீர் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 6.8 மில்லிகிராம் யூரிக் அமிலத்தையே கரைத்து வைத்திருக்க வல்லது. அதனினும் மிகுந்தால் உப்பு ஊசிபோன்ற படிகங்களாக மூட்டுகளிற் படியலாம். அல்லோபியூரினால் உருவில் ஹைப்போஸாந்தினை ஒத்தது. நொதி அதனைத் தன் உணவென மயங்கி ஏற்று ஆக்ஸிபியூரினால் ஆக மாற்றுகிறது. அவ்வாறு மாறிய பொருளோ நொதியை இறுகப் பற்றிக்கொண்டு செயலறச் செய்துவிடுகிறது. பூட்டினுள் சிக்கிய பொய்ச்சாவி போன்றது இது.

தொடக்கத்தில் வலி ஏன் மீளுகிறது? படிகாரத்தின் செறிந்த கரைசலைக் குளிரவிட்டுப் படிகம் வளர்த்துக் காட்டிய ஆசிரியர் இதனை எளிதில் விளக்கலாம். வளர்ந்த படிகத்தைத் தூய நீரில் இட்டால் அது சிறுகச் சிறுகக் கரையும். இரத்தத்தில் யூரிக் அமிலம் குறைந்ததும் மூட்டில் உறைந்த படிவும் அவ்வாறே கரையத் தொடங்குகிறது; அப்போது நிலைகுலைந்து உதிரும் படிகங்களை எதிர்த்து உடல் வீக்கம் கொள்கிறது. ஆகவே இவ்வலி மருந்து பயனற்றது என்பதற்கு அடையாளம் அன்று. இதனைக் கருதியே வைத்தியர் நாளொன்றுக்கு 100 மில்லிகிராமோ, சிறுநீரகம் நலிந்தவர்க்கு அதனினும் குறைவாகவோ தொடங்கி, இரத்தத்தைச் சோதித்துப் படிப்படியாக உயர்த்துவர். 6 மில்லிகிராமுக்குக் கீழே கொணர்வதே நோக்கம். முதல் 3 முதல் 6 மாதங்கள் வரை கோல்ச்சிசின் போன்ற காப்பு மருந்தும் உடன் கொடுப்பதுண்டு. (கோல்ச்சிசின் செங்காந்தளிலும் உள்ளது, அதுபற்றி அச்செடியைக் கைமருந்தாக்கினால் உயிருக்கே கேடு விளையும்.) இடையில் வலி வந்தால் வலிக்குத் தனியே மருந்துண்ண வேண்டும், அல்லோபியூரினாலை நிறுத்தலாகாது. வலித்த நாளில் இரண்டு மாத்திரை, தணிந்த மறுநாள் ஒன்றுமில்லை என்னும் வழக்கத்தால் யாதொரு பயனும் இல்லை.

ஆனால் தோலிலே தடிப்போ சிவப்போ கண்டால் நிலைமை முற்றிலும் வேறு. அரிதாயினும், பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள், இம்மருந்தினால் தோல் உரிந்து, வாயும் கண்ணும் புண்ணாகி, ஈரலும் சிறுநீரகமும் கெட்டு, உயிருக்கு இறுதி நேர்வதுண்டு. ஹெச்.எல்.ஏ-பி 58:01 என்னும் மரபுக்கூறு உடையார்க்கும் சிறுநீரகம் நலிந்தார்க்கும் இவ்வாபத்து மிகுதி. தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் இவற்றுள் எது கண்டாலும் வைத்தியரைக் காணும்வரை காத்திராது அன்றே மாத்திரையை நிறுத்தி, உடனே மருத்துவமனை சேர வேண்டும்.

இம்மருந்தின் வரலாறும் ஓர் எச்சரிக்கை தருகிறது. ஹிட்சிங்ஸ், கெர்ட்ரூட் எலியன் ஆகியோரின் ஆய்வுக்கூடத்தில் இஃது ஆராயப்பட்டது கவுட் நோயின் பொருட்டன்று. இரத்தப் புற்றுநோய்க்கான மெர்காப்டோபியூரின் உடலிற் சிதையாமல் காப்பதற்கே. 1966-இல் அமெரிக்காவில் கவுட் நோய்க்கு அனுமதி பெற்றது. அவ்விருவரும் 1988-இல் நோபெல் பரிசு பெற்றனர். அன்று நன்மையெனக் கருதிய அச்செயலே இன்று, மெர்காப்டோபியூரினோ அஸதையோப்ரினோ உண்பவர்க்குத் தீங்காக முடியும். அம்மருந்துகள் உடலில் மிகுந்து எலும்பு மஜ்ஜையை ஒடுக்கிவிடும். எனவே வேறு என்ன மாத்திரை உண்கிறீர் என வினவுவது களப்பணியாளரின் கடமை.

இரத்தச் சோதனைச் சீட்டில் யூரிக் அமிலம் சற்று மிகுந்திருப்பதைக் கண்டவுடன், எவ்வித நோவும் இல்லாதவர்க்கும் இம்மருந்தைத் தொடங்கும் பழக்கம் இப்போது பரவி வருகிறது. இதனை நான் ஏற்கவில்லை. அவருட் பலர்க்கு இந்நோய் வாழ்நாள் முழுவதும் வருவதேயில்லை. தோல் ஆபத்தோ மருந்துண்ட எவர்க்கும் நேரக்கூடும்.

“வலித்தால் நிறுத்தாதே, தடித்தால் நிறுத்து” என இருவகையாகக் கூறினால் மக்கள் குழம்புவர் என்பர் சிலர். ஓ.ஆர்.எஸ். உப்புநீரைக் கலக்கும் அளவையே பிழையின்றிக் கற்றுக்கொண்ட தாய்மார்க்கு இஃதொன்றும் அரிதன்று. மாத்திரை உறையின்மேல் இவ்விரு வரிகளையும் எழுதிக் கொடுக்கலாம். எழுத்தறியாதார் இல்லத்தில் இரண்டாம் வாரமும் ஆறாம் வாரமும் நேரிற் சென்று, காலையும் கேட்டு, கையையும் முதுகையும் விலக்கிப் பார்த்து வர வேண்டும்.