எழுவர் எங்கே?



பனிபோன்ற நிறத்தால் பெயர்பெற்ற இளவரசியாக, கொலம்பிய வழிவந்த தாயின் மகள் ரேச்சல் செக்லர் நடிக்கலாமா என்று 2021-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் கூச்சல் கிளம்பிற்று. பனிப்புயல் வீசிய நாளில் பிறந்தவள், அதனால் அப்பெயர் என்று கதையைத் திருத்தி, 2025 மார்ச்சில் 'ஸ்நோ ஒயிட்' படத்தை வெளியிட்டது டிஸ்னி கம்பெனி. திருத்தினால் என்ன? கிரிம் சகோதரர்கள் 1812-இல் அச்சேற்றிய கதையில் பொறாமைக்காரி சிற்றன்னையல்லள், பெற்ற தாய்! பிற்பதிப்பில் அவர்களே மாற்றினார்கள். நிறம் பற்றிய அந்தக் கூச்சலை நாம் பொருட்படுத்த வேண்டியதில்லை.

என் கவலை இளவரசியைப் பற்றியதன்று. அவளுக்கு அடைக்கலம் தந்த ஏழு குள்ளர்களைப் பற்றியது.

2022 ஜனவரியில், உயரம் குன்றிய நடிகர் பீட்டர் டின்க்லேஜ் ஒரு கேள்வி எழுப்பினார். லத்தீன் அமெரிக்க வழியினரை இளவரசியாக்கியதற்குப் பெருமை கொள்கிறீர்களே, குகையில் குடியிருக்கும் குள்ளர் கதையை மட்டும் ஏன் கைவிடவில்லை என்றார். நியாயமான கேள்வி. கம்பெனியும் உடனே பதிலளித்தது: இழிவான பழைய சித்திரிப்பைத் தவிர்ப்போம், உயரம் குன்றியோரைக் கலந்து ஆலோசிக்கிறோம் என்று.

ஆலோசித்துக் கண்ட முடிவு என்ன தெரியுமா? எழுவரையும் கம்ப்யூட்டரைக் கொண்டே உருவாக்கிவிட்டார்கள்! இளவரசிக்கு ஆள் உண்டு. கொடிய அரசிக்கு ஆள் உண்டு. எழுவருக்கு மட்டும் உயிருள்ள உடல் இல்லை. ஏழு குரல்களில் ஒன்று, மார்ட்டின் கிளெபா என்ற உயரம் குன்றிய நடிகருடையது. கொள்ளைக்கூட்டத்தில் மற்றொருவருக்கு ஒரு வேடம். அவ்வளவே. குற்றம் சாட்டப்பட்டது வேடம். வேலை இழந்தவரோ நடிகர்! கிடைப்பதே சில வேடங்கள், அவற்றையும் பறிப்பதா என்று அவர்களுள் சிலர் வெளிப்படையாகவே முறையிட்டனர். குகைவாழ் குள்ளரின் உருவமாவது ஒழிந்ததா? இல்லை. வைரம் தோண்டும் அதே எழுவர், அதே பெயர்களுடன் திரையில் ஆடிப்பாடுகின்றனர். ஒழிந்தது கூலி ஒன்றுதான்.

(உழவரைப் படைவீரராக்கி வாட்டும் அரசி வீழ்கிறாள், நல்ல இளவரசி ஆள வருகிறாள், மக்களாட்சி பற்றி மூச்சே இல்லை. அது கிடக்கட்டும்.)

அவர்களை மனிதராக எழுதவே முடியாதா? டின்க்லேஜ் 2011 முதல் 2019 வரை 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில், அறிவும் சினமும் காதலும் கொண்ட டிரியனாக நடித்து, நான்கு எம்மி விருதுகள் பெற்றார். அப்படியொரு சுரங்கத் தொழிலாளியை இங்கே எழுத எவர் தடுத்தார்?

1937-இல் வந்த கார்ட்டூன் படத்தின் தலைப்பில் ஏழு குள்ளர்களும் இருந்தனர். 2025-இல், தலைப்பிலிருந்தும் நீக்கப்பட்டார்கள்.