புடிச்சு விட்டா புண்ணியமா? - ஐஸ் மீன்பிடியும் ஒரு பொய்க்கணக்கும்

ரொம்ப நாளா ஆணி அதிகம். இன்னிக்கு கொஞ்சம் கோவமா ஒரு பதிவு. கோவம் முக்கால்வாசி என் மேலதான், அதனால யாரும் உள்குத்து தேடாதீங்க.

மின்னசோட்டாவுக்கு பொட்டி தட்ட வந்து நாலு குளிர்காலம் ஆச்சு. இங்க ஏரி உறைஞ்சதும் அது மேல நடந்து போய், ஓட்டை போட்டு, பக்கெட்டை கவுத்துப் போட்டு உக்காந்து மீன் பிடிக்கறாங்க. "லூசுப் பசங்க"ன்னு சிரிச்சேன். அடுத்த வருஷமே நானும் பக்கெட்டோட உக்காந்துட்டேன், ஹி ஹி. பிடிக்கறது புளூகில், கிராப்பி மாதிரி சின்ன மீனுங்க. வறுக்கற சட்டியில முழுசா அடங்கும்ங்கறதால பான்ஃபிஷ்னு பேரு.

போன ஜனவரியில ஒரு நாள், 36 அடி ஆழத்துல கிராப்பிக் கூட்டம் மாட்டிச்சு. விட்டா குதிரைக்கொம்புன்னு சாயந்திரம் வரைக்கும் பிடிச்சேன். இங்க மாநில அளவுல ஒரு ஆள் ஒரு நாளைக்கு 10 கிராப்பி வச்சுக்கலாம். நான் மூணு மட்டும் வச்சுக்கிட்டு, இருபதுக்கு மேல திருப்பி விட்டேன். வீட்டுக்கு வந்து தங்கமணிகிட்ட "நான் பேராசைக்காரன் இல்லம்மா, புடிச்சு விட்டுட்டேன்"னு பெருமை வேற. அந்தப் பெருமைதான் இந்தப் பதிவோட வில்லன்.

கொஞ்சம் பிளஸ் ஒன் பௌதிகம். நன்னீர்ல 34 அடி இறங்கினா இன்னொரு வளிமண்டல அழுத்தம் கூடும். அதாவது 36 அடியில இருக்கற மீனை மேல தூக்கினா, அதோட காற்றுப்பைக்குள்ள இருக்கற வாயு ரெண்டு மடங்கா ஊதும். சும்மா பாயில் விதி. டிரவுட், சால்மன் மாதிரி மீனுக்கு அந்தப் பையில இருந்து தொண்டைப் பக்கம் ஒரு குழாய் உண்டு, ஏப்பம் விட்டு சமாளிச்சுக்கும். கிராப்பி, புளூகில், பெர்ச் இதுக்கெல்லாம் அந்தக் குழாய் கிடையாது. ரத்தம் வழியாத்தான் வாயு வெளியேறணும், அதுக்கு மணிக்கணக்கா ஆகும். நாம தூக்கறது அரை நிமிஷத்துல. கண் பிதுங்கும், வயிறு உப்பும், இரைப்பை வாய் வழியா வெளிய வரும்.

இதைச் சொன்னா உடனே மூணு பதில் வரும்.

ஒண்ணு, "மெதுவா சுத்தித் தூக்கினா சரியாயிடும்." ஆகாது சாமி. மணிக்கணக்குல நடக்கற வேலையை ரெண்டு நிமிஷம் நிதானமா சுத்தி முடிக்க முடியாது.

ரெண்டு, "ஊசியால குத்தி காத்தை எடுத்துடலாம்." வாயில பிதுங்கி நிக்கறது காற்றுப்பைன்னு நினைச்சு குத்தறாங்க. அது இரைப்பை. யூடியூப் பாத்துட்டு ஆபரேஷன் பண்ணாதீங்க.

மூணு, "நான் விட்டது கீழ நீந்திப் போச்சே!" என்னோட வாதமும் இதுதான் அன்னிக்கு. நீந்திப் போனது நிஜம். ஆனா உள்காயத்தோட போன மீன் அப்புறமா செத்தா யாருக்குத் தெரியும்? கோடையில செத்தது மிதந்து கண்ணுல படும், மனசு உறுத்தும். குளிர்காலத்துல மேல ஒன்றரை அடி ஐஸ் மூடி. மிதந்தாலும் ஐஸுக்கு அடியில போய் ஒட்டிக்கும். நம்ம ஓட்டையில எட்டு இன்ச் வட்டம்தான் தெரியும். நான் கெளம்பற நேரத்துல அந்த வட்டத்துல ஒரு கிராப்பி வெள்ளை வயித்தைக் காட்டிக்கிட்டு வந்து நின்னுச்சு. நான் விட்டதுல ஒண்ணு. மிச்சம் இருபது பத்தி யோசிச்சப்ப, மூணு மீன் வறுவலும் தொண்டையில இறங்கல.

அப்ப மீன் பிடிக்கவே கூடாதா? அப்படிச் சொல்ல வரல. மீன் எந்த ஆழத்துல இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுப் பிடிங்கன்னுதான் சொல்றேன். தண்ணி 4 டிகிரியிலதான் அதிக கனம். அதனால குளிர்காலத்துல ஐஸை ஒட்டின தண்ணி 0 டிகிரி, அடித்தண்ணிதான் கொஞ்சம் வெதுவெது. இதை வச்சு "எல்லா மீனும் அடியிலதான்"னு ஒரு பாட்டி வைத்தியம் சுத்துது. தப்பு. ஐஸ் புதுசா பிடிச்ச டிசம்பர்ல பச்சைப் பாசி மிச்சம் இருக்கற 6-12 அடியிலயே புளூகில் கெடக்கும். பாசி செத்ததும் கிராப்பி நடு ஏரிப் பள்ளத்துக்குப் போகும், அங்கயும் பல சமயம் தரையில ஒட்டாம அந்தரத்துல நிக்கும். சாயந்திரம் மிதவைப் பூச்சிங்க மேல ஏற ஏற, பின்னாடியே ஏறும். குளிர்காலக் கடைசியில, மக்கின செடியால அடியில ஆக்சிஜன் குறைஞ்சா மறுபடி மேல வரும்.

அதாவது ஏரியோட ஆழம் வேற, மீனோட ஆழம் வேற. ஃபிளாஷர் சோனார் வச்சிருக்கறவங்க அதை மீன் பிடிக்க மட்டும் பாக்காம, முடிவெடுக்கவும் பாருங்க. 12 அடி மீனுக்கு வாயு மூணுல ஒரு பங்குதான் கூட ஊதும், பெரும்பாலும் தாங்கும். விளையாட்டுக்குப் பிடிச்சு விடணும்னா அங்க உக்காருங்க. 30 அடிக்குக் கீழன்னா, சாப்பிட எத்தனை வேணுமோ அத்தனை பிடிங்க, முதல் மீன்ல இருந்தே வச்சுக்கோங்க, சின்னதா இருந்தாலும். போதும்னா தூண்டிலைச் சுருட்டிடுங்க. "இன்னும் பெருசா வரும்"னு பொறுக்கி எடுக்கற வேலை அங்க வேணாம்.

10 மீனைக் கொன்னு பையில போட்டவனை இங்க கசாப்புக்காரன்னு பாக்கறாங்க. 30 மீனை ஐஸுக்கு அடியில கொன்னுட்டு வெறுங்கையோட போறவன் உத்தமன். சட்டப்படி ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல. ஆனா முன்னவனுக்கு கணக்காவது தெரியும்.

இந்த வருஷம் நான் பாசி ஓரம் 10 அடியிலதான் உக்காந்திருக்கேன். மீன் சின்னதுதான். பரவால்ல.

டிஸ்கி: "மீனே பிடிக்காம இருந்தா என்ன?"ன்னு கேக்கப் போற சைவ நண்பர்களுக்கு - நியாயமான கேள்விதான், பதில் இல்ல. பின்னூட்டத்துல கும்மிடாதீங்க :)