சிக்னல் இல்லாத மலையில் க்யூஆர் அட்டை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஜவ்வாது மலையில் சில்லறை வியாபாரம் செய்கிறவர்கள் எல்லோரும் யுபிஐக்கு மாற வேண்டும் என்று வங்கிக்காரர்களும் அதிகாரிகளும் வரும்போதெல்லாம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். மாற நாங்கள் தயார். கோடை விழாவுக்கும் பீமன் அருவிக்கும் காவலூர் வானாய்வகத்துக்கும் வருகிற வெளியூர்க்காரர்கள் பலர் இப்போது நோட்டு எடுத்து வருவதில்லை. "ஜிபே இருக்கா?" என்று கேட்பார்கள், இல்லையென்றால் எடுத்த பழத்தைக் கூடையிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நஷ்டம் எங்களுக்குத்தான். ஆனால் க்யூஆர் அட்டையைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்களே, அதைத்தான் கண்டிக்கிறேன்.

ஜமுனாமரத்தூரில் என் மளிகைக்கடைக்கு எதிரே சீத்தாப்பழம் விற்கிற அக்காவிடம் ஓர் அட்டை இருக்கிறது. அவரிடம் இருப்பது பட்டன் போன். அட்டையோ திருப்பூரில் வேலை பார்க்கும் மகனின் கணக்கில் வாங்கியது. கார்க்காரர் ஸ்கேன் செய்கிறார், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "போயிடுச்சும்மா" என்று திரையைக் காட்டுகிறார். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. மகனிடம் கேட்கலாம் என்றால், சிக்னலுக்காகக் கடையை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏற வேண்டும். அதற்குள் கார் மலை இறங்கியிருக்கும். இப்படி வராமல் போன பணத்துக்கு யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

பணம் வந்ததைத் தமிழில் சொல்லும் ஒலிப்பெட்டியை நானும் வாங்கினேன். மாத வாடகையைக் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்கிறார்கள். சிக்னல் இல்லாத நாட்களில் அது வாய் திறப்பதில்லை. வாடகை மட்டும் தவறாமல் போகிறது. சிறு ஊர்களில் இத்தகைய கருவிகளைப் பரப்பவென்றே ரிசர்வ் வங்கி 2021 ஜனவரியில் தனி நிதி தொடங்கியது. அதில் எங்கள் சந்தைக்கு என்ன வந்தது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

கணக்கில் விழுந்த பணத்தை எடுப்பது அதைவிடப் பெரிய பாடு. கூலி, பஸ் டிக்கெட், புளியும் சாமையும் கொண்டுவருகிறவர்களுக்குக் கொடுப்பது எல்லாமே இங்கே ரொக்கம்தான். உள்கிராமத்து மலையாளி பழங்குடிப் பெண் ஒருவர் ஐந்நூறு ரூபாய் எடுக்க ஜமுனாமரத்தூருக்கு வந்தால் பஸ் செலவும் போகும், அன்றைய கூலியும் போகும். கையில் வாங்கியிருந்தால் அந்த ஐந்நூறு முழுசாக இருந்திருக்கும்.

யுபிஐக்கு ஊக்கத்தொகை கொடுக்கிறார்கள் என்று சொல்லலாம். 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை அதற்காக 1,500 கோடி ரூபாய் ஒதுக்கியது உண்மைதான். 2024-25 நிதியாண்டில் சிறு வியாபாரிகள் பெற்ற 2,000 ரூபாய் வரையிலான தொகைக்கு 0.15 சதவீதம். ஆனால் அது வங்கிகளுக்கும் பரிவர்த்தனையை நடத்தும் நிறுவனங்களுக்கும் போகிற பணம். கட்டணம் பிடிக்காமல் இருப்பதுதான் எங்களுக்குக் கிடைக்கும் சலுகை. வியாபாரி கைக்கே ஊக்கத்தொகை தருகிற பிஎம் ஸ்வநிதி திட்டம் 2020இல் நகரத்துத் தெருவோர வியாபாரிகளுக்காக வந்தது. 2025இல் விரிவாக்கியபோதும் நகரை ஒட்டிய ஊர்களோடு நின்றுவிட்டது. மலைச் சந்தையில் தரையில் சாக்கு விரித்து உட்காருகிறவர் தெருவோர வியாபாரி இல்லையா?

பயம் வேறு இருக்கிறது. 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித் துறை யுபிஐ வரவைப் பார்த்துச் சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூருவில் பலர் அட்டையைக் கழற்றிவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி ஒட்டினார்கள். அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் மலையேறி வந்துவிட்டது. மாநிலத்துக்குள் சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு என்பதைத் தமிழில் ஒரு துண்டறிக்கையாகக்கூட யாரும் அடித்துக் கொடுக்கவில்லை.

சிக்னல் பிரச்சினைக்கு வழி இல்லாமல் இல்லை. பட்டன் போனில் அழைத்தே பணம் அனுப்பும் வசதி 2022 மார்ச்சிலேயே வந்துவிட்டது. இணையம் இல்லாமல் சிறு தொகை செலுத்தவும் ரிசர்வ் வங்கி அதே ஆண்டு ஜனவரியில் அனுமதி கொடுத்தது. பேச மட்டுமே, அதுவும் சில இடங்களில்தான், சிக்னல் கிடைக்கிற எங்கள் ஊர்களுக்கு இவைதான் தேவை. ஆனால் இங்கே நடந்த பயிற்சி முகாமில் ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே பாடம் நடத்தினார்கள்.

மாவட்ட நிர்வாகத்தையும் வங்கிகளையும் கேட்டுக்கொள்கிறேன். உள்கிராமங்களுக்கு முதலில் டவர் கொண்டுவாருங்கள். வாரச் சந்தை கூடும் நாளில் பணம் எடுத்துக் கொடுக்க வங்கி முகவர் ஒருவரைச் சந்தையிலேயே உட்கார வையுங்கள். சிறு வியாபாரிகளிடம் ஒலிப்பெட்டிக்கு வாடகை வாங்காதீர்கள். அடுத்த கோடை விழாவுக்கு அட்டைகளோடு வரும்போது இவற்றையும் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
மளிகைக்கடைக்காரர் ஒருவர்,
ஜமுனாமரத்தூர், திருவண்ணாமலை மாவட்டம்.